பாணன் பாட்டில் மந்திரம் உண்டா?

மனிதன் கண்ட மிகப் பழமையான கலைகளுள் ஒன்று பாட்டு. தொட்டிலில் தாலாட்டோடு தொடங்கும் நம் வாழ்வு ஒப்பாரியோடு முடிகிறது. இடையில் நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும், கும்மியும் கோலாட்டமும், ஆலயத்திலே ஆராதனைப் பாடலும் நம்மோடு வருகின்றன. பாட்டில்லாத வீடு இல்லை. பாட்டில்லாத விழாவும் இல்லை.

இப்பாட்டுக்கு மந்திர ஆற்றல் உண்டு என்று உலகின் பல நாட்டு மக்களும் நம்பினர். புலவர் வசை பாடினால் அரசன் முகத்தில் கொப்புளம் எழும் என்று அயர்லாந்து நாட்டுப் பழங்கதைகள் கூறுகின்றன. அயர்லாந்திலும் வேல்சிலும் மன்னரைப் பாடிப் பரிசில் பெற்ற பாடகர்களைப் 'பார்டு' என்று அழைத்தனர். அந்தப் பெயர் இன்று ஒரு விளையாட்டிலும் வாழ்கிறது. 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். ஆடுவோர் ஒவ்வொருவரும் வீரர், மந்திரவாதி, திருடர் என ஒரு வேடம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதையை வளர்த்துச் செல்வர். அதில் 'பார்டு' என்னும் பாடகர் வேடமும் உண்டு. அவர் இசைத்தால் தோழர்க்குத் துணிவு பிறக்கும், பகைவர் மயங்குவர், புண்ணும் ஆறும்.

இதைக் கேள்விப்படும்போது, "இவரை நாம் எங்கோ பார்த்திருக்கிறோமே!" என்று தமிழ் படிக்கும் நமக்குத் தோன்றுகிறது அல்லவா? ஆம், அவர் நம் சங்க நூல்களில் வாழும் பாணரே. அப்பாணரின் பாட்டில் உண்மையிலேயே மந்திரம் இருந்ததா, இருந்ததென்றால் அது அவர்களுக்கு என்ன தந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பாணர் என்போர் யாவர்?

பண் பாடுவோர் பாணர். அவர்தம் குழுவில் ஆடியும் பாடியும் வந்த பெண்கள் விறலியர் எனப்பட்டனர். இவர்களோடு பொருநர், கூத்தர் என்போரும் ஊர் ஊராகச் சென்று கலை வளர்த்தனர். சிறிய யாழை ஏந்தியவர் சிறுபாணர். பெரிய யாழை ஏந்தியவர் பெரும்பாணர். பத்துப்பாட்டு என்னும் தொகுப்பில் உள்ள பத்து நூல்களுள் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும் இக்கலைஞரை வள்ளல்களிடம் வழிகாட்டி அனுப்புவன. ஓலைச்சுவடிகளில் உறங்கிய இந்நூல்களை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டு அச்சேற்றியதால் நாம் இன்று பாணரை அறிகிறோம்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய நம் ஊர்கள் பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்தவை. பெரும்பாணாற்றுப்படையின் தலைவனோ காஞ்சியிலிருந்து தொண்டை நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். ஆகவே பாணர் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று. நம் மண்ணின் வரலாறே ஆகும்.

பாணரின் உயிர் யாழ். பொருநராற்றுப்படை அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக உவமையோடு வருணிக்கிறது. மானின் குளம்பு பதிந்த சுவடு போன்றது அதன் பத்தர். படமெடுத்த பாம்பு போல் ஓங்கி வளைந்தது அதன் தண்டு. பெண்ணின் முன்கை வளையல்கள் போன்றவை அதன் வார்க்கட்டுகள். வீணையில் ஒரே நரம்பைப் பல இடங்களில் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். யாழிலோ ஒவ்வொரு நரம்புக்கும் ஒரே ஒலிதான். எனவே பண் மாறும்போதெல்லாம் நரம்புகளை முறுக்கியும் தளர்த்தியும் சுருதி கூட்ட வேண்டும். பேரியாழுக்கு 21 நரம்புகளும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகளும் இருந்தன என்று சிலப்பதிகார உரை கூறுகிறது. இருபத்தொரு நரம்புகளைச் செவியால் மட்டுமே சேர்க்க எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

பாட்டின் வலிமைகள்

பாணர் இசையின் ஆற்றலைப் பற்றி நம் நூல்கள் கூறுவனவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, கொடியவரை மாற்றும் வலிமை. பாலை வழியிலே வழிப்போக்கரைக் கொன்று பொருள் பறிக்கும் கள்வர் உண்டு. அவர்களும் பாலைப் பண்ணைக் கேட்டால் கையிலுள்ள படைக்கலத்தை நழுவவிட்டுக் கொடுமை நீங்கி நிற்பர் என்கிறது பொருநராற்றுப்படை.

இரண்டாவது, விலங்கை அடக்கும் வலிமை. தினைப்புனத்தில் கதிரை மேய வந்த யானை, அங்கே ஒரு குறமகள் பாடிய குறிஞ்சிப் பண்ணைக் கேட்டுத் தின்னவும் மறந்து, நின்ற இடத்திலேயே உறங்கிவிட்டதாம். இது அகநானூற்றில் வரும் காட்சி. பெருங்கதை என்னும் காப்பியத்திலும் உதயணன் 'கோடபதி' என்னும் தன் யாழை மீட்டி, மதம் கொண்ட நளகிரி யானையை அடக்குகிறான்.

மூன்றாவது, புண்பட்டவரைக் காக்கும் வலிமை. போரில் காயமுற்ற வீரனை வீட்டில் கிடத்தி அவனைச் சேர்ந்தோர் செய்த பணிகளைப் புறநானூற்றில் அரிசில் கிழார் பாடியுள்ளார். வீட்டில் வேப்பிலையும் இரவ மரத் தழையும் செருகுவர், வெண்கடுகு தூவுவர், நறும்புகை எழுப்புவர், யாழோடு பல இசைக்கருவிகள் ஒலிக்க, மணி அடித்துக் காஞ்சிப் பண் பாடுவர். அக்காலத்து மருத்துவமனை இவ்வாறு இருந்தது எனலாம். வேம்பும் புகையும் உடலுக்கு, பாட்டு உள்ளத்துக்கு.

நான்காவது, அரசரையும் அசைக்கும் வலிமை. ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது வந்தார். தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைக் காட்டினான். ஔவையாரோ, "உன் படைக்கலங்கள் நெய் பூசி, மாலை சூட்டி அழகாக இருக்கின்றன; அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன" என்னும் பொருள்படப் பாடினார். புகழ்வது போல இகழ்ந்து, இகழ்வது போலப் புகழ்ந்த அந்தச் சொல் போரைத் தடுக்கச் சென்ற சொல் என்பர்.

பாணர் மரபுக்கு வெளியிலும் இந்நம்பிக்கை தொடர்ந்தது. நம் பூவிருந்தவல்லிக்கு மேற்கே உள்ள திருமழிசையில் பிறந்தவர் திருமழிசையாழ்வார். அவருடைய சீடர் கணிகண்ணன் தன்னைப் பாட மறுத்தார் என்று காஞ்சி மன்னன் அவரை நாடு கடத்தினான். "என் சீடன் போகிறான், நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படு" என்ற கருத்தில் ஆழ்வார் இறைவனை நோக்கிப் பாட, இறைவனும் அவ்வாறே புறப்பட்டான் என்றும், ஊர் இருண்டது கண்டு மன்னன் மன்னிப்புக் கேட்டான் என்றும் வரலாறு கூறுவர். ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனைப் பற்றியும் ஒரு கதை உண்டு. நந்திக்கலம்பகத்தின் பாடல்களைக் கேட்டால் உயிர் போகும் என்று அறிந்திருந்தும், தமிழ்ச்சுவை கருதி அவன் அதை முழுவதும் கேட்டு உயிர் நீத்தான் என்பது அக்கதை.

திருமறையில் ஒரு யாழ்

நம் திருமறையிலும் ஒரு பாடகர் இருக்கிறார். சாமுவேலின் முதல் நூலில், தீய ஆவியால் துன்புற்ற சவுல் அரசனுக்கு அமைதி தருவதற்காகத் தாவீது என்னும் ஆடு மேய்க்கும் இளைஞரை அழைத்து வருகின்றனர். தாவீது யாழ் மீட்டும் போதெல்லாம் சவுல் ஆறுதல் அடைகிறான். தீய ஆவி அகல்கிறது. இதுவரை நாம் அறிந்த கதைதான்.

ஆனால் இதற்குப் பின் நடந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. மக்கள் தாவீதைப் புகழ்ந்தது பொறுக்காத சவுல், அவர் யாழ் மீட்டிக்கொண்டிருந்தபோதே அவர்மேல் ஈட்டியை எறிகிறான். யாழ் அதே யாழ்தான். மீட்டிய கையும் அதே கைதான். முன்பு ஆறிய உள்ளம் இப்போது ஏன் ஆறவில்லை? கேட்பவன் தன் மனக்கதவைப் பொறாமையால் அடைத்துக்கொண்டான். அடைத்த கதவுக்குள் பாட்டு எப்படி நுழையும்?

அது மந்திரமா?

இங்கேதான் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. மந்திரக் கதைகளில் மந்திரவாதி ஒரு சொல்லைச் சொன்னவுடன் எதிரே நிற்பவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது பலித்துவிடும். பாட்டு அப்படிப்பட்டதன்று. பாடுபவர் பாதி தருகிறார். கேட்பவர் மீதியைத் தருகிறார். கள்வன் படைக்கலத்தை நழுவவிட்டான் என்றால், அவன் நெஞ்சில் எங்கோ ஒரு மூலையில் ஈரம் இருந்தது. பாலைப் பண் அந்த ஈரத்தைத் தொட்டது.

அந்த ஈரத்தைத் தொடுவதற்குப் பாணர் பெரிதும் உழைத்தனர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் நிலத்துக்கு ஏற்பவும், பொழுதுக்கு ஏற்பவும் பண்களை வகுத்தனர். காலையில் மருதப் பண். மாலையில் செவ்வழிப் பண். எந்த மனநிலையில் இருப்போர்க்கு எந்தப் பண் பொருந்தும் என்பதைத் தந்தையிடமிருந்து மகனும் தாயிடமிருந்து மகளும் கற்றனர். உழைப்பின் பயன் பிறர் கண்ணுக்கு மந்திரமாகத் தெரிந்தது.

மந்திரம் எட்டாத அடுப்பு

இவ்வளவு ஆற்றல் வாய்ந்த பாணர் வீட்டில் என்ன நடந்தது? சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஓர் அடுக்களையை நமக்குக் காட்டுகிறார். அங்கே ஈன்ற நாய் ஒன்று கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலுக்காக முட்டுகின்றன. தாயிடம் பால் இல்லை. கூரை விழுந்து சுவர் கரையானுக்கு இரையாகி, காளான் பூத்திருக்கிறது. பசியால் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்டால் நாணம் என்று வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அதை உண்கிறாள்.

இந்தக் காட்சியை வகுப்பில் படித்தபோது நாங்கள் சற்று நேரம் பேசாதிருந்தோம். கள்வரை மாற்றும் பாட்டு அந்தப் பானைக்கு ஒரு கல் உப்பைத் தரவில்லையே! யானையை உறங்க வைத்த யாழ் நாய்க்குட்டிக்கு ஒரு துளிப் பாலைத் தரவில்லையே! விளையாட்டில் வரும் பாடகருக்குப் பசி என்பது பெரிய துன்பம் அன்று. பகடையை மீண்டும் உருட்டினால் போதும். மெய்யான பாணருக்கோ அடுத்த வேளைச் சோறு கேட்பவர் கையில் இருந்தது.

கேட்பவர் அறிந்து கொடுத்தபோது என்ன ஆயிற்று என்பதையும் புறநானூறு கூறுகிறது. கண்டீரத்து வள்ளலாகிய நள்ளி வாரி வழங்கியதால் பாணர் காலையில் பாடும் பண்ணை மாலையிலும், மாலைப் பண்ணைக் காலையிலும் இசைத்துத் தம் முறையையே மறந்துவிட்டனர் என்று வன்பரணர் நகைச்சுவையாகப் பாடுகிறார். வயிறு நிறைந்த மகிழ்ச்சியில் வந்த மறதி அது!

பொற்பலகையும் புறவாயிலும்

காலம் மாறியது. சங்க காலத்தில் மன்னர் தம் அருகில் அமர்த்தி உணவூட்டிய பாணரைப் பிற்காலச் சமுதாயம் தாழ்ந்த குலத்தவர் என்று ஒதுக்கியது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் பாடல்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் துணைவியார் மதங்கசூளாமணியாரும் இசையில் வல்லவர். இவர்கள் வரலாற்றை எழுதிய சேக்கிழார் நம் பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்தவர்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் கூறும் நிகழ்ச்சி நம் சிந்தனைக்கு உரியது. மதுரைக் கோவிலுக்குச் சென்ற யாழ்ப்பாணர் வாயிலுக்குப் புறத்தே நின்று பாடுகிறார். இறைவன் கனவில் ஆணையிட்ட பின்னரே அடியார்கள் அவரை உள்ளே அழைத்துச் செல்கின்றனர். அங்கே, "ஈரத் தரையின் குளிர்ச்சி பட்டால் யாழின் நரம்பு தளரும், அவருக்குப் பொற்பலகை இடுங்கள்" என்று வானில் ஒலி எழுகிறது. மனிதர் வெளியே நிறுத்தியவருக்கு இறைவன் பொன் இருக்கை தந்தான்! அந்த இருக்கையைத் தருவதற்கும் ஒரு கலைஞரின் கவலையையே காரணமாகக் கூறினான். திருப்பாணாழ்வார் வரலாறும் இத்தகையதே. காவிரிக் கரையில் கல்லெறி பட்ட அவரை, பின்னர் உலோகசாரங்க முனிவர் தம் தோளிலேயே சுமந்து திருவரங்கக் கோவிலுக்குள் சென்றார் என்பர்.

பொற்பலகை ஒருவருக்குக் கிடைத்தது. மற்றப் பாணர் புறவாயிலிலேயே நின்றனர். காலப்போக்கில் யாழும் வழக்கொழிந்தது. யாழைக் கண்ணால் காணாத தலைமுறைகள் பல கடந்தன.

ஒரு பெண் காத்த செல்வம்

நம் பள்ளி மாணவியர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஓலைகளைச் சோழ மன்னன் முயற்சியால் நம்பியாண்டார் நம்பி மீட்டார். அம்மன்னன் முதலாம் இராசராசன் என்பர். சொற்கள் கிடைத்தன; ஆனால் அவற்றைப் பாடும் பண்கள் யாருக்கும் தெரியவில்லை. அப்போது திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டு அழைத்து வந்தனர். அவரே தேவாரத்துக்குப் பண் அமைத்துத் தந்தார் என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. ஓலையைக் கரையான் தின்றது. அந்தப் பெண்ணின் நினைவைக் கரையானால் தின்ன முடியவில்லை. அவர் பெயரை அந்நூல் நமக்குச் சொல்லவில்லை. பண்ணைக் காத்தவரின் பெயரைக் காப்பார் இல்லை!

பிற்காலத்தில் அறிஞர் சிலர் இந்த இழப்பை ஈடு செய்ய முயன்றனர். தஞ்சையில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞரான ஆபிரகாம் பண்டிதர் 1917-ஆம் ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெரிய இசை நூலை வெளியிட்டார். இலங்கையின் காரைதீவில் 1892-ஆம் ஆண்டு பிறந்து, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கல்வி பயின்ற சுவாமி விபுலானந்தர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947-ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்த ஆண்டிலேயே அவர் இறைவனடி சேர்ந்தார். அண்மை ஆண்டுகளில் சென்னையிலேயே இளைய கலைஞர் சிலர் மீண்டும் யாழைச் செய்து மீட்டி வருகின்றனர். இது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி.

நம் தெருப் பாணர்

பாணர் முற்றிலும் மறைந்துவிட்டனரா? இல்லை என்றே நாங்கள் கருதுகிறோம். ஆடி மாதம் பிறந்தால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் தெருவுக்குத் தெரு பம்பையும் உடுக்கையும் ஒலிக்கின்றன. கூழ் வார்க்கும் விழாக்களில் அம்மனை வருணித்து இரவு முழுவதும் பாடும் கலைஞர்கள் எந்தக் காகிதத்தையும் பார்ப்பதில்லை. உடுக்கையின் வேகம் கூடக் கூடக் கூடியிருப்போரின் உள்ளமும் கூடவே எழுகிறது. துக்க வீட்டில் பறை முழக்குவோரும், நம் ஆலயத் திருவிழாவில் தேர் பவனியின்போது மேளம் வாசிப்போரும் இம்மரபினரே அல்லவா? சமயம் வேறாயினும் தோலில் படும் விரல்களின் உழைப்பு ஒன்றே.

விழா நடக்கும்போது அவர்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது. விழா முடிந்த பின் அவர்கள் எங்கே உண்டனர், எந்தப் பேருந்தில் வீடு திரும்பினர் என்று கேட்போர் சிலரே. ஆடி மாதத்தில் அவர்களுக்கு உறக்கம் இல்லை. மற்ற மாதங்களில் வேலை இல்லை. உப்பில்லாக் கீரையை உண்ணக் கதவடைத்த பெண் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மட்டும் வாழ்ந்தவள் என்று நாம் சொல்ல முடியுமா?

நாம் செய்யத் தக்கது

இசைக் கலைஞரின் பாதுகாவலியாகிய புனித செசிலியம்மாளின் திருநாளை நவம்பர் 22-ஆம் நாள் கொண்டாடுகிறோம். அந்நாளில் நம் பள்ளிப் பாடகர் குழுவை வாழ்த்துவதோடு, நம் ஊரில் இசையை நம்பி வாழ்வோரையும் நினைக்கலாம். ஆசிரியைகளுக்கும் அருட்சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள் மூன்று உண்டு.

விழா அழைப்பிதழில் சிறப்பு விருந்தினரின் பெயர் இருப்பது போலவே, பக்கத்தில் அமர்ந்து மிருதங்கமோ மேளமோ வாசிப்பவரின் பெயரும் இருக்கட்டும். பண்ணைக் காத்த அந்தப் பெண்ணின் பெயரை இழந்தது போல இன்னொரு பெயரை நாம் இழக்க வேண்டாம்.

விருந்தினர் உண்ணும் பந்தியிலேயே அவர்களுக்கும் இலை போடுவோம். சங்க காலத்து வள்ளல்கள் செய்ததும் அதுதான்.

பம்பை வாசிப்பவரின் மகளோ பறை அடிப்பவரின் மகளோ நம் பக்கத்தில் அமர்ந்து படித்தால், அவள் தன் தந்தையின் தொழிலைத் தலை நிமிர்ந்து சொல்லும்படி நாம் நடந்துகொள்வோம்.

பாணன் பாட்டில் மந்திரம் உண்டா என்று கேட்டோம். உண்டு. ஆனால் அம்மந்திரம் பிறரைக் காக்குமே தவிரப் பாடியவரைக் காக்காது. பாடியவரைக் காக்க வேண்டியது கேட்டவரின் கடமை. கேட்டு மகிழ்ந்த நாம் அக்கடமையை ஏற்போமாக! கலை வாழக் கலைஞர் வாழ்க!